பேப்பரில் ஒரு பெயர், கோவிலில் ஒரு பெயர்

கேள்வி: எனக்கு 27 வயது. இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸின் பகுதியான ரீயூனியன் தீவில் சேன்-ஆந்த்ரேயில் பிறந்து வளர்ந்தேன். இங்கே என்னை மல்பார் (தமிழ் வழிவந்தவர்களுக்குத் தீவில் வழங்கும் பெயர்) பெண் என்பார்கள். பாரிஸில் படித்தபோது பாகிஸ்தானா, இலங்கையா என்று கேட்டார்கள். அங்கே தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் ஒரு கடைக்கார அண்ணா தமிழில் பேச, எனக்குப் பதில் வரவில்லை. “தமிழ்ப் பிள்ளை இல்லைப் போல” என்றார். சென்னையில் நான் வெளிநாட்டுக்காரி. இப்போது கண்ணாடியில்கூட மற்றவர்கள் கண்ணால்தான் என்னைப் பார்க்கிறேன். குடும்பப் பெயர் தமிழ்தான்; ஆனால் அடையாள அட்டையில் முதல் பெயர் கிறிஸ்தவப் பெயர், வீட்டிலும் கோவிலிலும் தமிழ்ப் பெயர். அட்டையிலும் தமிழ்ப் பெயரைப் போட்டுவிட்டால் இந்தக் குழப்பம் தீருமா? (தமிழ் வகுப்பு ஆசிரியை உதவியுடன் எழுதியது.)

பதில்: தீராது. பெயரை மாற்ற வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். அடுத்தவர் வாயை அடைப்பதற்காக என்றால் வேண்டாம். அடுத்த வாரமே வேறொருவர் வேறொன்று கேட்பார்.

உங்களைப் பார்க்கிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்கவில்லை. லா ஷப்பல் கடைக்காரர்களில் பெரும்பாலோர் 1983-க்குப் பின் ஊரைவிட்டு வந்த ஈழத்தமிழர்கள். மொழிக்காகவே வீடு வாசலை இழந்தவர்களுக்குத் தமிழ் பேசுவதுதான் தமிழராயிருப்பதன் முதல் அடையாளம். உங்கள் தீவில் நடந்தது வேறு. 1860-இல் பிரான்ஸும் பிரிட்டனும் செய்த உடன்படிக்கையின்படி கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகள் வந்தார்கள். 1882-இல் பிரிட்டன் அதை நிறுத்தியது. அதன்பின் பேச்சுத் தமிழ் தேய்ந்தது. தீமிதிக்கு 18 நாள் விரதம், காவடி, செத்தவர்களுக்குச் சாம்பிராணி போட்டுப் படைப்பது, மசாலா போட்ட ஆட்டுக்கறி எல்லாம் தங்கிவிட்டன. சென்னையில் கேட்பது “சொந்த ஊர் எது?” என்று. பிரெஞ்சு அரசு அதைக்கூடக் கேட்பதில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனம் என்ற கட்டமே கிடையாது. ‘மல்பார்’ என்பது தெருவில் உண்டு, காகிதத்தில் இல்லை.

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் ஒரே ‘நான்’ பதிலாக இருக்க முடியாது. அது உங்கள் குறையும் இல்லை. கடைக்காரரிடம் ஒரு வாக்கியம் போதும்: “அண்ணா, நான் ரீயூனியன். எங்கள் ஆட்கள் நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர்கள். இப்போதுதான் தமிழ் படிக்கிறேன், மெதுவாகப் பேசுங்கள்.” மன்னிப்புக் கேட்கும் குரலில் மட்டும் சொல்லாதீர்கள்.

அட்டையில் கிறிஸ்தவப் பெயர் வந்ததற்கு ஞானஸ்நானம் மட்டும் காரணமல்ல. 1803-ஆம் ஆண்டுச் சட்டம் புனிதர் நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் உள்ள பெயர்களையே அனுமதித்தது. 1966-க்குப் பின் நடைமுறை கொஞ்சம் தளர்ந்தாலும், பெற்றோருக்கு முழு உரிமை கிடைத்தது 1993-இல்தான். அதற்குள் இரண்டு பெயர் வைப்பது பழக்கமாகிவிட்டது. இதற்கு நேர் தலைகீழ் புதுச்சேரி. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச்சட்டத்தைத் துறந்தவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைத் தேர்ந்தார்கள்; பலர் பிரெஞ்சுப் பெயரே வைத்துக்கொண்டார்கள். பாரிஸில் பிரெஞ்சுக் குடும்பப் பெயரோடு சரளமாகத் தமிழ் பேசுகிறவர் பக்கத்தில், தமிழ்க் குடும்பப் பெயரோடு தமிழ் தெரியாத நீங்கள் நிற்கிறீர்கள். பெயரை வைத்து ஆளை அளந்தால் இரண்டு பேரிடமும் தப்புக் கணக்குதான் வரும்.

இனி மாற்றும் வழி. முதலில் பிறப்புப் பதிவின் முழு நகலை வாங்கிப் பாருங்கள். தமிழ்ப் பெயர் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ ஏற்கெனவே இருந்தால் எதையும் மாற்ற வேண்டாம்; பதிவில் உள்ள எந்தப் பெயரையும் அன்றாடம் புழங்கும் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்கிறது சிவில் சட்டம். இல்லையென்றால், வசிக்கும் ஊர் அல்லது பிறப்பைப் பதிந்த ஊர் மேரியில் (நகராட்சி அலுவலகத்தில்) மனு கொடுங்கள். 2016 நவம்பர் சட்டத்துக்குப் பின் நீதிமன்றம் போகத் தேவையில்லை, கட்டணமும் இல்லை. மூன்று மாதத்துக்குட்பட்ட பிறப்பு நகல், அடையாள அட்டை, முகவரிச் சான்று வேண்டும். கூடவே நியாயமான காரணத்தைக் காட்ட வேண்டும். மனு சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். “பிடித்திருக்கிறது” என்றால் எடுபடாது. அந்தப் பெயர் போட்ட கோவில் அழைப்பிதழ்கள், பழைய கடிதங்கள், உறவினரும் நண்பரும் தங்கள் அடையாள அட்டை நகலோடு எழுதிய சாட்சியம் என்று பல வருஷப் புழக்கத்தைக் காட்டுங்கள். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் கோப்பு அரசு வழக்கறிஞருக்குப் போகும். அவரும் மறுத்தால் குடும்ப நீதிபதியிடம் முறையிடலாம்.

பழைய பெயரை அழிக்காமல் தமிழ்ப் பெயரைக் கூடுதலாகச் சேர்க்கவும், வரிசையை மாற்றவும்கூடச் சட்டம் இடம் தருகிறது. நாங்கள் சொல்வது சேர்ப்பதைத்தான். பட்டச் சான்றிதழ், வங்கி, பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றாக அலைவது குறையும். எழுத்துக்கூட்டலை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள்: ‘உ’ ஒலிக்குப் பிரெஞ்சில் இரண்டு எழுத்து (ou), இந்திய வழக்கில் ஒன்று (u). இந்திய முறையில் எழுதினால் பிரெஞ்சு வாயில் பெயர் வேறாகிவிடும்.

சொந்த ஊரை அறிய ஆசையிருந்தால் பழைய பிறப்பு, திருமணப் பதிவுகளிலிருந்து தொடங்குங்கள். பிரான்ஸில் ஏக்ஸ்-ஆன்-ப்ரொவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பக இணையதளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் கூலியின் பதிவெண் கிடைத்தால் ரீயூனியன் தலைநகர் சேன்-தெனியின் மாவட்டக் காப்பகத்தில் தொடரலாம். எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதால் ஒரே பெயரை நாலைந்து விதமாகத் தேட வேண்டியிருக்கும். காரைக்கால், புதுச்சேரி என்றிருந்தால் அது கப்பல் ஏறிய துறைமுகமாக மட்டும் இருக்கலாம்.

உங்கள் பூர்வீகத்தைக் காரணமாக்கி வேலையோ வாடகை வீடோ மறுக்கப்பட்டால் மட்டும் அடையாள விசாரத்தை ஓரமாக வையுங்கள். அது குற்றம், மூன்றாண்டுச் சிறையும் 45,000 யூரோ அபராதமும் வரை தண்டனை உண்டு. “வீடு வேறொருவருக்குப் போய்விட்டது” என்று சொன்னால், பிரெஞ்சுப் பெயருள்ள தோழியை அன்றே அதே எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். இப்படிச் சோதித்துப் பெற்ற ஆதாரத்தை 2006 முதல் சட்டம் ஏற்கிறது. குறுஞ்செய்திகளை அழிக்காமல், தேதி நேரம் குறித்து, 39 28-க்கு அழையுங்கள். உரிமைக் காவலர் அலுவலகத்தின் எண் அது; ஆலோசனை இலவசம். பொது இடத்தில் இனத்தைச் சொல்லித் திட்டியதாக இருந்தால் ஒரு வருடத்துக்குள் புகார் கொடுத்துவிட வேண்டும்.