விழுங்கும்போது மட்டும் கழுத்தில் புடைப்பு: கட்டியா, தசையா?

கேள்வி: தண்ணீர் குடித்தாலும் எச்சில் விழுங்கினாலும் கழுத்தின் வலப்பக்கம் ஒரு புடைப்பு எழும்பி, உடனே மறைந்துவிடுகிறது. வலி இல்லை. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. புற்றுநோயாக இருக்குமோ?

பதில்: விழுங்கும் நொடியில் மட்டும் வந்து போவதுதான் இதில் முக்கியமான தடயம். புற்றுக் கட்டி அப்படி வந்து போகாது. பெரும்பாலும் இது ஓமோஹையாய்டு தசையின் வேலை.

தோள்பட்டை எலும்பில் தொடங்கும் இந்த மெல்லிய தசை, கழுத்தின் பக்கவாட்டில் சாய்ந்து ஏறி, குரல்வளைக்கு மேலுள்ள நாவடி எலும்பில் முடிகிறது. நடுவிலுள்ள அதன் தசைநாணை ஒரு திசுப்பட்டை காறை எலும்போடு சேர்த்துப் பிடித்திருக்கும். விழுங்கும்போது நாவடி எலும்பு மேலேறும். பட்டை தளர்ந்திருந்தால் தசை தன் வளைவை விட்டு நிமிர்ந்து, மேலே கிடக்கும் பெரிய கழுத்துத் தசையைக் கூடாரம் போலத் தூக்கிவிடும்.

அசையாமல் படுக்கவைத்து எடுத்த ஸ்கேனில் இது சிக்காததில் வியப்பில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியைக் கழுத்தில் வைத்தபடியே தண்ணீரை மடக்கு மடக்காக விழுங்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். கருவியை அழுத்தினால் புடைப்பு அமுங்கிப்போகும். ஜெல்லைத் தாராளமாகத் தடவி, தோலை லேசாகத் தொட்டால் போதும். போகும்போது, விழுங்குவதை மொபைலில் நேராகவும் பக்கவாட்டிலும் வீடியோ எடுத்துச் செல்லுங்கள்.

முக்கும்போதோ இருமும்போதோ புடைத்தால் கதை வேறு: கழுத்துச் சிரை விரிந்திருக்கலாம், குரல்வளையில் காற்றுப்பை இருக்கலாம். விழுங்கும்போது மேலே ஏறினாலும் மறையாமல் இருப்பது தைராய்டு கட்டியாக இருக்கலாம். எப்போதும் தட்டுப்படுகிற கட்டி 2 வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, 1.5 செ.மீ.க்கு மேல் பெரிதாகவோ கெட்டியாகவோ அசையாமலோ இருந்தாலோ, குரல் மாறினாலோ காது-மூக்கு-தொண்டை மருத்துவரிடம் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

தசைதான் என்று உறுதியானால் சிகிச்சை தேவையில்லை. தோற்றமோ இறுக்க உணர்வோ தொந்தரவு தந்தால் மட்டும் தசையை அறுத்துவிடும் சிறு அறுவை உண்டு. விழுங்குவதில் அதனால் பொதுவாகக் குறை வருவதில்லை. தழும்பையும் யோசித்து முடிவெடுங்கள்.

கழுத்துத் தசைகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் மாறும். இதே ஓமோஹையாய்டு சிலருக்குக் காறை எலும்பிலிருந்தே கிளம்பும். சிலருக்கு இருக்கவே இருக்காது. கழுத்துச் சிரைக்கு மேலாக ஓடும் இதை அறுவை மருத்துவர்கள் வழிகாட்டியாகக் கொள்வதால், மாற்றம் முன்பே தெரிந்திருப்பது நல்லது. தாடைக்கு அடியில் டைகாஸ்டிரிக் தசைக்குக் கூடுதல் கிளை இருந்தால், ஸ்கேனில் அது நெறிக்கட்டியாகத் தோன்றி, தேவையில்லாத ஊசிப் பரிசோதனை வரை கொண்டுபோய்விடும்.

கவனம் அதிகம் தேவைப்படுவது கழுத்தின் பக்கவாட்டில் ஆழத்தில் உள்ள ஸ்கேலீன் தசைகளில்தான். கைக்குச் செல்லும் நரம்புகள் வழக்கமாக முன், நடு ஸ்கேலீன்களின் இடுக்கில் இறங்கும். சிலருக்கு அந்த நரம்புகளின் மேல் வேர் முன் தசையைத் துளைத்துக்கொண்டோ அதற்கு முன்னாலோ வரும். அப்போது தோள் அறுவைக்காக இடுக்கில் போட்ட மரப்பு ஊசி அந்த வேரை எட்டாமல், தோள் சரியாக மரத்துப்போகாது. ஊசி போடுமுன் அல்ட்ராசவுண்டில் ஒவ்வொரு வேரையும் தேடிப் பார்ப்பது இதற்காகவே.

உங்கள் ஸ்கேன் அறிக்கையில் ‘தசை அமைப்பு மாற்றம்’ என்று எழுதியிருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். பின்னாளில் கழுத்திலோ தோளிலோ அறுவை என்றால், அறுவை மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் இருவரிடமும் காட்டுங்கள்.