வசைச்சொல் இல்லாத நிறவெறி: அமெரிக்க இலக்கியம் பற்றிய கேள்வி பதில்

அமெரிக்க இலக்கியத்தைக் கல்லூரியில் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். அந்த நாட்டின் எழுத்திலும் வாழ்விலும் உள்ள நிறவெறி பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: அம்மா, மார்க் ட்வெயினின் ‘ஹக்கிள்பெரி ஃபின்’ நாவலை மாணவர்களுக்கு நடத்த ஆசை. ஆனால் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் அதில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. நடத்தலாமா? (ஆசிரியை, திருநெல்வேலி)

பதில்: தாராளமாக நடத்துங்கள். அந்தச் சொல் 200 முறைக்கு மேல் வருகிறது. 2011இல் ஒரு பதிப்பில் அதை எடுத்துவிட்டு ‘அடிமை’ என்று போட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வகுப்பில் அதை உரக்கச் சொல்ல வேண்டாம், அவ்வளவுதான். கண்ணால் படிக்கட்டும்.

நாவலில் ஓர் இடம் உண்டு. நீராவிப் படகில் ஏதோ வெடித்துவிட்டது என்று கதை சொல்லும் வெள்ளைச் சிறுவன் ஹக் ஒரு பொய் சொல்கிறான். யாருக்காவது அடிபட்டதா என்று சாலி அத்தை பதறுகிறாள். இல்லை, ஒரு கறுப்பன் செத்துப்போனான் என்கிறான் அவன். நல்லவேளை, சில சமயம் மனிதர்களுக்கு அடிபட்டுவிடும் என்று அவள் ஆறுதல் கொள்கிறாள். அவள் கொடுமைக்காரி அல்ல. அன்பானவள், பக்தியுள்ளவள். அப்படிப்பட்டவளின் கணக்கிலேயே ஒரு கறுப்பன் மனிதனாக வரவில்லை என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. மாணவர்களை இந்த இடத்தில் நிறுத்தி யோசிக்க வையுங்கள்.

நாவலின் கடைசிப் பகுதியைப் பற்றியும் பேசுங்கள். ஹக்கோடு தப்பியோடும் அடிமை ஜிம்முக்கு அவனுடைய எஜமானி உயிலில் ஏற்கெனவே விடுதலை எழுதி வைத்துவிட்டாள். அது தெரிந்தும் ஹக்கின் நண்பன் டாம் சாயர் அவனைக் கொட்டடியில் கிடத்தி, சாகச விளையாட்டு ஆடுகிறான். ஜிம்மை அவ்வளவு உயர்த்திய ட்வெயின் அங்கே அவனைக் கைவிட்டுவிட்டார் என்பது என் முடிவு. பெர்சிவல் எவரெட் 2024இல் வெளியிட்ட ‘ஜேம்ஸ்’ அதே கதையை ஜிம்மின் வாயால் சொல்கிறது. 2025இல் புலிட்சர் பரிசு பெற்ற நாவல். இரண்டையும் சேர்த்துப் படிப்பது நல்லது.

கேள்வி: வசைச்சொல் இருந்தால் நிறவெறி என்று தெரிந்துவிடுகிறது. அப்படி எதுவும் இல்லாத இடத்தில் அதை எப்படி அடையாளம் காண்பது? (முதுகலை மாணவர், கோயம்புத்தூர்)

பதில்: நான் மிகவும் எதிர்பார்த்த கேள்வி இது. லொரெய்ன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தைப் படியுங்கள். 1959இல் நியூயார்க்கின் நாடக அரங்கப் பகுதியான பிராட்வேயில் அரங்கேறியது. ஒரு கறுப்பினப் பெண் எழுதிய நாடகம் அங்கே மேடை ஏறியது அதுவே முதல் முறை.

சிகாகோவில் நெருக்கடியான குடியிருப்பில் வாழும் யங்கர் குடும்பத்துக்கு, இறந்துபோன தகப்பனாரின் காப்பீட்டுப் பணம் 10,000 டாலர் வருகிறது. அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கட்டி, வெள்ளையர் பகுதியில் ஒரு வீட்டுக்குத் தாயார் ஏற்பாடு செய்கிறார். அந்தப் பகுதியின் குடியிருப்போர் சங்கத்திலிருந்து லிண்ட்னர் என்பவர் வருகிறார். கோட்டு, கைப்பெட்டி, பணிவான பேச்சு. நாங்களும் உழைத்து முன்னேறியவர்கள்தான், ஆனால் அவரவர் தம் இனத்தாரோடு வாழ்ந்தால்தான் எல்லாருக்கும் மகிழ்ச்சி என்கிறார். வீட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் கொடுத்ததற்கு மேலாகவே பணம் தருவதாகவும் சொல்கிறார். குரல் உயர்வதில்லை. நிறவெறி உங்கள் வீட்டு நாற்காலியில் மரியாதையாக உட்கார்ந்து பேசுகிறது!

இது வெறும் கற்பனை அல்ல. 1937இல் ஹான்ஸ்பெரியின் தந்தை சிகாகோவில் இப்படி ஒரு வீடு வாங்கினார். கறுப்பினத்தவருக்கு விற்பதில்லை, வாடகைக்கு விடுவதில்லை என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தம் அங்கே இருந்தது. கூட்டம் கூடியது. சன்னல் வழியாக எறிந்த கல் சிறுமி லொரெய்னின் தலையில் படாமல் தப்பியது. இரவில் தாயார் கைத்துப்பாக்கியோடு காவல் இருந்தார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1940இல் தந்தை வென்றார். ஆனால் சட்ட நடைமுறை சார்ந்த காரணத்தைக் காட்டியே தீர்ப்பு வந்தது. அப்படிப்பட்ட ஒப்பந்தமே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மனம் கசந்து மெக்சிகோவில் குடியேற ஏற்பாடு செய்துகொண்டிருந்தபோதே, 1946இல் அவர் இறந்துபோனார்.

கேள்வி: 1964இலேயே இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சிவில் உரிமைச் சட்டம் வந்துவிட்டது. கறுப்பர் ஒருவர் அதிபராகவும் ஆகிவிட்டார். இன்னும் ஏன் பழங்கதை? (வாசகர், சேலம்)

பதில்: வீட்டுக் கதையையே தொடர்கிறேன். 1930களில் கூட்டாட்சி அரசின் அமைப்பு ஒன்று நகரங்களுக்கு வரைபடம் தயாரித்தது. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளுக்குச் சிவப்பு நிறம். சிவப்பு என்றால் கடன் கொடுப்பது ஆபத்து என்று பொருள். 1934இல் தொடங்கிய வீட்டுவசதி நிர்வாகம், வெள்ளையர் வாங்கிய புறநகர் வீடுகளின் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது, கறுப்பினத்தவரின் பகுதிகளை ஒதுக்கியது. வீடு விற்பதிலும் வாடகைக்கு விடுவதிலும் பாகுபாடு கூடாது என்ற சட்டம் 1968இல்தான் வந்தது, அதுவும் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில்.

சாதாரண அமெரிக்கக் குடும்பத்தின் பெரிய சொத்து வீடுதான். அதை வைத்துத்தான் பிள்ளையைப் படிக்க வைக்கிறார்கள், தொழில் தொடங்குகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கான பணத்தில் கணிசமான பங்கு அந்தப் பகுதியின் சொத்து வரியிலிருந்தே வருகிறது. 2022இல் அமெரிக்க மத்திய வங்கி எடுத்த கணக்கில், வெள்ளையர் குடும்பங்களை வரிசையாக நிறுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகரச் சொத்து சுமார் 2,85,000 டாலர். கறுப்பினக் குடும்பத்துக்குச் சுமார் 44,900 டாலர். சட்டம் மாறிய பிறகும் பாட்டனுக்குக் கிடைக்காத வீடு பேரனின் கணக்கில் குறைகிறது. இதைப் பழங்கதை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

கேள்வி: ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ எனக்கு உயிர். அதையும் இப்போது குறை சொல்கிறார்களே? (பிரியமான வாசகி, மதுரை)

பதில்: உங்கள் அன்பை யாரும் பறிக்கவில்லை. எனக்கும் பிடித்த நாவல்தான். ஒன்று மட்டும் கவனியுங்கள்: செய்யாத குற்றத்துக்குத் தண்டனை பெறும் கறுப்பினத்தவன் டாம் ராபின்சன் என்ன நினைத்தான், அவன் மனைவி எப்படிப் பிழைத்தாள் என்று நாவல் அதிகம் உள்ளே போய்ப் பார்ப்பதில்லை. அவனுக்காக வாதாடும் வெள்ளை வக்கீல் அட்டிகஸின் நல்ல மனம்தான் மையம். அந்தக் குறை நியாயமானது.

கேள்வி: டோனி மாரிசனின் ‘த ப்ளூயஸ்ட் ஐ’ நாவலை அமெரிக்கப் பள்ளி நூலகங்களிலிருந்து ஏன் எடுக்கிறார்கள்? (நூலகர், திருச்சி)

பதில்: தகப்பனே மகளைச் சீரழிக்கும் காட்சி இருப்பதைத்தான் காரணமாகச் சொல்கிறார்கள். காட்சி இருப்பது உண்மை. படிக்கவே நடுங்கும். வயது பார்த்துக் கொடுங்கள் என்றால் எனக்குப் புரியும். ஆனால் பதின்வயதினர் கையிலிருந்தும் அதைப் பிடுங்குவது அநியாயம். நீலக் கண் கிடைத்தால் எல்லாரும் தன்னை நேசிப்பார்கள் என்று நம்பும் பெகோலா என்ற சிறுமியின் கதை அது. அவளை அப்படி நம்பவைத்தவை மிட்டாய்க் காகிதமும் பால் குடிக்கும் கோப்பையும் அவற்றில் சிரிக்கும் வெள்ளைச் சிறுமிகளின் முகங்களும். முகம் வெளுக்கும் கிரீம் விளம்பரங்களைப் பார்த்து வளர்ந்த நம் பெண்களுக்கு இந்த நாவலை விளக்கவே வேண்டியதில்லை.

கேள்வி: நாங்கள் நியூ ஜெர்சியில் வசிக்கிறோம். கறுப்பர், வெள்ளையர் சண்டையில் இந்தியர்களுக்கு என்ன வேலை என்கிறார் என் கணவர். (வாசகி)

பதில்: அவருக்கு பகத் சிங் திந்த் வழக்கைச் சொல்லுங்கள். பஞ்சாபில் பிறந்து, முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையில் பணியாற்றியவர். வெளிநாட்டில் பிறந்தவர்களில் வெள்ளையரும் ஆப்பிரிக்க வழியினரும் மட்டுமே குடியுரிமை பெறலாம் என்ற காலம். தான் உயர்சாதி ஆரியன், ஆகவே வெள்ளையன் என்று அவர் வாதாடினார். 1923இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. சாதியைக் காட்டி வெள்ளைக் கதவைத் தட்டினார், கதவு திறக்கவில்லை. அந்தத் தீர்ப்பைக் காட்டி, குடியுரிமை பெற்றிருந்த வேறு பல இந்தியர்களிடமிருந்தும் அதைப் பறித்தார்கள்.

நம்மவர்கள் பெருமளவில் அங்கே போக வழி திறந்தது 1965 குடியேற்றச் சட்டம். தெருவில் அடிபட்டு, சிறைக்குப் போய்க் கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம் உருவாக்கிய சூழலில்தான் அந்தச் சட்டம் நிறைவேறியது. உங்கள் விசாவில் அவர்களுடைய வியர்வையும் இருக்கிறது, அம்மா.

கேள்வி: எங்கிருந்து தொடங்குவது? ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள். (கல்லூரி மாணவி, யாழ்ப்பாணம்)

பதில்: ஃப்ரெடரிக் டக்ளஸ் 1845இல் வெளியிட்ட தன்வரலாறு. சிறிய நூல். அடிமைச் சிறுவனாக இருந்தபோது எஜமானி எழுத்து சொல்லிக்கொடுக்கத் தொடங்க, படித்தால் அடிமை கெட்டுவிடுவான் என்று அவள் கணவன் தடுத்தான். பிறகு தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டவர் அவர். அது முடிந்ததும் ஹாரியட் ஜேக்கப்ஸ் 1861இல் வெளியிட்ட தன்வரலாற்றை எடுங்கள். எஜமானனிடமிருந்து தப்ப, நிமிர்ந்து நிற்கவும் முடியாத ஒரு பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்த பெண் அவர். இரண்டு நூல்களும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. டக்ளஸ் பெரிய மேடைப் பேச்சாளர். ஆங்கிலம் கடினமாகத் தோன்றினால் வாய்விட்டுப் படியுங்கள், பிடிபட்டுவிடும்.