"தாத்தா துப்பாக்கி" என்று மனுவில் எழுதாதீர்கள்

ஜவ்வாது மலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். மாட்டுக் கொட்டகைப் பரணில் நாட்டுத் துப்பாக்கி இருந்ததாக அண்ணன் மேல் வழக்கு. மேஜிஸ்திரேட் கோர்ட்டில் இரண்டு வருடத் தண்டனை, அப்பீலுக்காக 30 நாள் நிறுத்திவைத்திருக்கிறார்கள். தாத்தா காலத்துத் துப்பாக்கி, சாமைக் கொல்லையில் பன்றி விரட்ட வைத்திருந்தது, வனத்துறையோடு இருந்த பழைய தகராறில் மாட்டிவிட்டார்கள் என்கிறார்.

சகோதரி, அந்தத் தகராறும் அன்று ராத்திரி போலீஸ் பேசிய பேச்சும் வேதனைதான், ஆனால் அப்பீலில் அதை யாரும் கேட்கப்போவதில்லை. துப்பாக்கி உங்கள் அண்ணனுக்குத் தெரிந்து, அவர் கைவசத்தில் இருந்தது என்று அரசுத்தரப்பு நிரூபித்ததா, இதுதான் கேள்வி. கொட்டகைக்குப் பூட்டில்லை, பட்டா அப்பா பெயரில், மூன்று சகோதரர்களும் புழங்குகிற இடம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், உங்கள் கடிதத்தில் கனமான வரி அது ஒன்றுதான். கூடவே ஆயுதச் சட்டம் 39-ஆம் பிரிவின்படி வழக்குத் தொடர கலெக்டர் கொடுத்த அனுமதி எந்தத் தேதியில் வந்தது, தடய அறிவியல் அறிக்கை துப்பாக்கி சுடும் நிலையில் இருந்ததாகச் சொல்கிறதா என்பதையும் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

இனிமேல்தான் நான் பயப்படுகிற இடம். தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கிற மனுவில் இரக்கம் வரட்டும் என்று "பன்றி விரட்டத்தான் வைத்திருந்தார், வேறு எதற்கும் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். வைத்திருந்ததை நீங்களே ஒத்துக்கொண்ட பிறகு கைவசம் நிரூபிக்கப்படவில்லை என்று வாதாட வாயே திறக்க முடியாது, அரசு வக்கீல் அந்த வரியைத்தான் முதலில் படித்துக்காட்டுவார். இப்படி நல்ல அப்பீல்கள் வீணாய்ப் போனதை நான் பார்த்திருக்கிறேன். தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்திருந்தாலும் அது அவரோடு போயிற்று, துப்பாக்கியை அப்போதே ஒப்படைத்திருக்க வேண்டும், அதனால் அந்தக் கதை அண்ணனைக் காப்பாற்றாது.

அப்புறம், விசாரணை முடிவில் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 313-ஆம் பிரிவின்படி (2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 351) நீதிபதி கேட்ட கேள்விகளுக்கு அண்ணன் என்ன பதில் சொன்னார்? "தாத்தாவுடையது" என்று அங்கேயே சொல்லியிருந்து, மகஜரில், அதாவது துப்பாக்கியைப் பறிமுதல் செய்தபோது எழுதிய பத்திரத்தில், சாட்சியான விஏஓவும் பிறழாமல் சொல்லியிருந்தால், விடுதலை கேட்டு வருடக்கணக்கில் அலையாதீர்கள். தண்டனைக் குறைப்பை மட்டும் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்கான ஆயுதச் சட்டம் 25(1-பி)(ஏ) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தபட்சமே இரண்டு வருடம், ஆனாலும் சிறப்புக் காரணத்தைத் தீர்ப்பில் பதிவுசெய்து அதற்குக் கீழே கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. முன்வழக்கு இல்லாதது, குடும்ப நிலை, துப்பாக்கியால் யாருக்கும் காயமில்லை என்பதெல்லாம் அங்கேதான் பேச வேண்டியவை. ரிமாண்டில் இருந்த நாட்களும் கழியும்.

யாராவது ராஜி பேசி முடித்துத் தருகிறேன், சாட்சியைச் சரிசெய்கிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இது ராஜியாகிற குற்றமே இல்லை, சாட்சியமும் ஏற்கெனவே பதிவாகிவிட்டது. 30 நாளில் எத்தனை நாள் போயிற்று என்று நீங்கள் எழுதவில்லை. தீர்ப்பு நகலையும் அந்த 313-ஆம் பிரிவுப் பதிலையும் எடுத்துக்கொண்டு நாளைக்கே வக்கீலைப் பாருங்கள்.