பி-காம்ப்ளெக்ஸ் டப்பா: ஒரு கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்ங்க,

எனக்கு 36 வயசு. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில மெர்ச்சன்டைசரா இருக்கேன். ஒரு வருசமாவே ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா நெஞ்சு அடைக்கற மாதிரி, கையெல்லாம் வேர்த்து, போன்ல மெயில் சத்தம் கேட்டாலே வயித்தக் கலக்குது. மூணு தடவை ஈசிஜி, ஒரு தடவை எக்கோ, எல்லாம் நார்மல். கடைசில எங்க ஃபேமிலி டாக்டரே மனநல டாக்டருக்கு எழுதிக் குடுத்தாரு. டிப்ரெஷன், கூடவே ஆங்சைட்டின்னு மாத்திரை குடுத்திருக்காங்க, அஞ்சு வாரம் ஆச்சு, தூக்கம் பரவால்ல. வீட்ல யாருக்கும் தெரியாதுங்க. மாத்திரைய அட்டைல இருந்து உரிச்சு ஒரு பி-காம்ப்ளெக்ஸ் டப்பால போட்டு வச்சிருக்கேன், சம்சாரம் கேட்டதுக்கு சத்து மாத்திரைன்னு சொல்லிட்டேன். (சில நாள் காலைல எந்திரிக்காமயே போயிட்டா தேவலைன்னு தோணும், அது பரவால்ல.) பாப்பாவுக்கு நாலு வயசு. பேசாம வேலைய விட்டுட்டு காங்கேயம் பக்கம் எங்க தோட்டத்துக்கே போயி நாலு மாடு வச்சுப் பொழைச்சுக்கலாமான்னு இருக்கு. மாத்திரை அடிமையாக்கிடும்னு வேற சொல்றாங்க, ஃப்ரெண்டு ஒருத்தன் எல்லாத்தையும் நிறுத்திட்டு தியான கிளாசுக்கு வாடாங்கறான். வேலைய விடலாமா அக்கா? பேர் போட வேண்டாங்க.

தம்பி,

மொதல்ல அந்த அடைப்புக்குறி. அவ்வளவு பெரிய விஷயத்த அதுக்குள்ள போட்டு 'அது பரவால்ல'ன்னு வேற முடிச்சிருக்கீங்க. அத டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொல்லி இருக்க மாட்டீங்க, டாக்டர் முன்னாடி உக்காந்ததும் தூக்கம், பசி, கேஸ் ட்ரபிள் இதெல்லாந்தான் நம்ம வாயில வரும். அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே போன் பண்ணி இதே வார்த்தைல சொல்லுங்க. ராத்திரி நேரத்துல தோணுச்சுன்னா 14416, டெலி மானஸ்னு கவர்மெண்டோட மனநல ஹெல்ப்லைன், 24 மணி நேரமும் எடுப்பாங்க, தமிழ்ல பேசலாம், காசு கெடையாது. நம்ம தமிழ்நாட்டு ஹெல்ப்லைன் 104-ம் இருக்கு. தற்கொலை எண்ணம் வர்றவங்களுக்கு உதவறதுக்குன்னே சென்னைல ஸ்நேகாங்கற அமைப்பு 1986-ல இருந்து நடக்குது. நம்பர சேவ் பண்ணிட்டு வந்து மேல படிங்க, நான் எங்கயும் போகல.

ஆச்சா? சரி.

தியான கிளாஸ்: போகணும்னா போங்க, மாத்திரைய நிறுத்தச் சொல்றதுக்கு அந்த ஃப்ரெண்டு என்ன எம்.டி. சைக்கியாட்ரியா? அடிமையாக்குமாங்கறதுக்கு ஒரே பத்திதான். உங்களுக்குக் குடுத்தது எஸ்சிடலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி ரகம்னா அது ஆல்ப்ரஸோலம் மாதிரி ஆளப் பிடிச்சுக்கற சாமான் இல்ல. ஆனா நீங்களா திடீர்னு நிறுத்தினா தலை சுத்தும், எரிச்சல் வரும், மண்டைக்குள்ள கரண்ட் அடிக்கற மாதிரி இருக்கும், அதனாலதான் டாக்டர் கொஞ்சங் கொஞ்சமா குறைப்பாங்க. முழுசா நல்லாயிட்ட பிறகும் ஆறு மாசமாவது சாப்பிடச் சொல்லுவாங்க. இதுக்கு மேல என்கிட்ட கேக்காதீங்க, பீஸ் வாங்கினவங்ககிட்ட கேளுங்க. தைராய்டும் பி12-ம் பாத்தாங்களான்னும் கேட்டுக்குங்க, அது குறைஞ்சாலும் ஆளு இப்படித்தான் சோர்ந்து கெடப்பாங்க.

இப்ப டப்பா. உங்க கடிதத்தப் படிச்சதுல இருந்து என்னை ஒரு எடத்துல உக்கார விடாததே அந்த டப்பாதான். நாலு வயசுப் புள்ள இருக்கற வீடு. அதுல மேல 'சத்து மாத்திரை'ன்னு எழுதின டப்பா, உள்ள டிப்ரெஷன் மாத்திரை, பொண்டாட்டிகிட்ட அது சத்துக்குன்னு சொல்லியும் வச்சாச்சு. நாளைக்கு பாப்பா சோறு சரியா எடுக்கலன்னா அந்தப் பொண்ணே அதுல ஒண்ண எடுத்து பாதியா உடைச்சு தேன்ல குழைச்சு வாயில வைப்பா, அப்பறம் என்ன பண்ணுவ? உனக்கு டயர்டா இருக்குன்னு உங்கம்மா ஒண்ணு போட்டுக்குவாங்க. அந்த அட்டைலதான்யா மருந்து பேரு, எத்தனை மில்லிகிராம், எப்ப காலாவதி எல்லாம் இருக்கு, அதப்போயி உரிச்சு குப்பைல போட்டிருக்கியே. ஒரு டீஷர்ட்டுக்கு வாஷ் கேர் லேபிள் ஒரு எழுத்து தப்பா இருந்தா மொத்த லாட்டையும் நிறுத்தற வேலை பாக்கற ஆளு நீ.

கோவம் வந்துடுச்சு, விடுங்க. கோவத்துக்குக் காரணம் இருக்கு.

போன மாசந்தான் திண்டிவனம் பக்கம் எங்க அத்தைய பாத்துட்டு வந்தேன். எண்பது தாண்டிடுச்சு, காது மந்தம், ஆனா ஞாபகம் கத்தி மாதிரி. மாமா போயி ரொம்ப காலம் ஆச்சு. பேச்சு வாக்குல மாமா உடம்பு பத்தி வந்துச்சு, பக்கத்துல அத்தையோட பேத்தி தவிர யாரும் இல்ல, அப்பவும் அத்தை 'அவருக்கு சுகரு'ன்னாங்க. எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரியும். இருந்தும் சுகர்தான். அதே நெனப்புல சுத்திட்டு இருந்தப்பதான் உங்க டப்பா வந்து விழுந்துச்சு.

மாமா கவர்மெண்ட் பஸ்ல கண்டக்டர். எண்பதுகளோட கடைசில, நான் ஸ்கூல்ல படிக்கறப்ப, ஒரு கோடைல மனுசன் தூக்கத்தையே விட்டுட்டாரு. ராத்திரி முழுக்க பேச்சு, திருவிழாவே இல்லாத நாள்ல மைக் செட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துட்டு வந்தாரு, பஸ்ல ஏறின எல்லாருக்கும் 'இன்னிக்கு என் செலவு'ன்னு டிக்கெட் கிழிச்சுக் குடுத்தாரு. டெப்போல சஸ்பெண்ட். சொந்தக்காரங்க மந்திரிச்சாங்க, தாயத்து கட்டினாங்க, ஒருத்தர் ஏர்வாடி தர்காவுக்கு கூட்டிட்டுப் போயி விட்டுடலாம்னாரு, பாட்டி ஒத்துக்கல. (அந்த ஏர்வாடிலதான் 2001 ஆகஸ்ட் 6 விடியக்காலைல கொட்டகை தீப்பிடிச்சு, சங்கிலில கட்டி வச்சிருந்ததால ஓட முடியாம 28 பேர் செத்தாங்க. அன்னிக்கு பேப்பரைப் படிச்சுட்டு அம்மா ரொம்ப நேரம் பாட்டி போட்டோவையே பாத்துட்டு இருந்தாங்க.) கடைசில டெப்போல கூட வேலை பாத்த ஒரு டிரைவர்தான், அவரு தம்பிக்கும் இதே மாதிரி வந்ததாம், கையப் பிடிச்சு கீழ்ப்பாக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாரு.

கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே சிரிக்கறதுக்கு நம்மள நல்லா பழக்கி வச்சிருக்காங்க, எத்தனை காமெடி சீன். 1794-ல தொடங்கின ஆஸ்பத்திரி அது. 1961-ல இருந்து 78 வரைக்கும் அதுக்குத் தலைமையா இருந்தது டாக்டர் சாரதா மேனன், இந்தியாவோட மொத பெண் மனநல மருத்துவர், பின்னாடி 1984-ல மனநோயாளிகளுக்கான ஸ்கார்ஃப் அமைப்ப ஆரம்பிச்சதும் அவங்கதான். நம்ம ஊர்ல எத்தனை பேருக்கு அந்தப் பேர் தெரியும்? சரி, வேற பக்கம் போறேன்.

மாமாவுக்குக் குடுத்தது லித்தியம். மனசு ஒரேடியா ஏறி ஒரேடியா எறங்கற அந்த வியாதிக்கு இன்னிக்கும் நல்ல மருந்து, ஆனா அளவு கொஞ்சம் தப்பினா விஷம், அதனால அப்பப்ப ரத்தத்துல எவ்வளவு இருக்குன்னு டெஸ்ட் பண்ணணும். மாமா மறுபடி டூட்டிக்குப் போயிட்டாரு. கைநடுக்கம் மட்டும் இருந்துச்சு, அதுவும் அந்த மருந்தாலதான். சில்லறை குடுக்கறப்ப தோல் பையை சீட் கம்பில அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு விரலால எடுப்பாரு. இன்னொண்ணு தாகம். லித்தியம் சாப்பிட்டா சிலருக்கு தாகம் எடுத்துட்டே இருக்கும், அடிக்கடி ஒண்ணுக்குப் போகணும். தண்ணி பாட்டிலோட சுத்தற மனுசன பாத்து பக்கத்து வீட்டுக்காரங்களே 'கண்டக்டருக்கு சுகர் போல'ன்னாங்க. அத்தை அதக் கெட்டியா பிடிச்சுக்கிட்டாங்க. மாசாமாசம் மெட்ராஸ் போறது எதுக்கு? சுகருக்கு. மாத்திரை எதுக்கு? சுகருக்கு.

ரெண்டு பொண்ணுங்க இருக்கற வீடு, அத்தைய குத்தம் சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா அந்தப் பொய்ய மாமாதான் சாப்பிட்டாரு. கல்யாண வீட்ல அவரு எலைல ஜாங்கிரி வச்சா யாராவது ஓடி வந்து எடுத்துடுவாங்க. போற எடமெல்லாம் சர்க்கரை போடாத காபி. எங்க வீட்லயே, வேற ஆளுங்க இருந்தா அம்மா அவரு காபில சர்க்கரை போட மாட்டாங்க, சொந்தத் தம்பிக்கு. இனிப்புன்னா உசிர விடற மனுசன், சுகரே இல்லாம ஆயுசு முழுக்க பத்தியம் இருந்தாரு. 'இதுவும் சுகர், பிபி மாதிரிதான்'னு இப்ப விழிப்புணர்வுக் கூட்டத்துல எல்லாரும் சொல்றாங்க, நல்ல எண்ணத்துலதான் சொல்றாங்க, எனக்கு மட்டும் அந்த வரியக் கேட்டா அந்த ஜாங்கிரிதான் ஞாபகம் வருது.

அதோட போயிருந்தா பரவால்ல. மூத்த பொண்ணுக்கு நிச்சயம் ஆன சமயம், நல்ல அக்னி நட்சத்திரம், மாமாவுக்கு வயித்தால போச்சு. ரெண்டு மூணு நாள். உடம்பு வலிக்குதுன்னு மெடிக்கல் ஷாப்ல ஒரு பெயின் கில்லர் வேற வாங்கிப் போட்டுக்கிட்டாரு. உடம்புல தண்ணி வத்தினாலும் லித்தியம் ஏறும், அந்த மாதிரி வலி மாத்திரை போட்டாலும் ஏறும், இங்க ரெண்டும் சேந்துடுச்சு. கை உதறுது, நாக்கு குழறுது, நடந்தா தள்ளாடறாரு, தெருவுல 'குடிச்சிருக்காரு'ன்னாங்க. ஊர்ல இருந்த ஒரு நர்சிங் ஹோம்ல சேத்தாங்க. சுகர் பேஷன்ட்டுன்னு எழுதிக்கிட்டாங்க. சுகர் டெஸ்ட் பண்ணா நார்மல். என்ன மாத்திரை சாப்பிடறாருன்னு டாக்டர் கேக்கறாரு, கேட்டுட்டே இருக்காரு, அத்தை வாயத் தொறக்கல. ஏன்னா ஒத்தாசைக்குன்னு கூட வந்து நின்னது புது சம்பந்தி. அவங்க எதிர்ல எப்படி சொல்லுவாங்க? டாக்டர் என்ன பண்ணுவாரு, இல்லாத சுகருக்கே வைத்தியம் பாத்துட்டு இருந்தாரு. சம்பந்தி டீ குடிக்க வெளிய போன நேரத்துல அத்தை நர்ஸம்மாவ வராண்டாவுக்கு இழுத்துட்டுப் போயி முந்தானை முடிச்ச அவுத்து கசங்கின அட்டைய கைல வச்சாங்க. அதுக்கப்பறம் பாண்டிச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிச்சு ஓடினதும், பொழைச்சு வந்ததும். அந்த அட்டை கைல இருந்ததாலதான் பொழைச்சாரு தம்பி. அத்தை அதையும் உரிச்சு டப்பால போட்டிருந்தா அந்த நர்ஸுக்கு என்ன புரிஞ்சிருக்கும்?

உங்க மாத்திரை லித்தியம் அளவுக்கு பயப்பட வேண்டிய மருந்து இல்ல, பயமுறுத்தறதுக்காக இத எழுதல. ஆனா அதுக்கும் சேராத சாமான் இருக்கு. வலிக்கு டிரமடால் குடுத்தா சிக்கல் ஆகலாம், வலி மாத்திரைய கூட சேத்து போட்டுட்டே இருந்தா வயித்துல ரத்தக் கசிவுக்கு வாய்ப்பு அதிகம். பல்லு பிடுங்கப் போனாலும் 'வேற மாத்திரை சாப்பிடறீங்களா'ன்னு கேப்பாங்க. ராத்திரி ஷிப்மென்ட் ஏத்திவிட்டுட்டு அவினாசி ரோட்ல பைக்ல வரப்ப ஏதாவது ஆகி உங்கள கேஷுவாலிட்டில போட்டு வச்சிருக்கறப்ப, உங்க சம்சாரம் டாக்டர்கிட்ட என்ன சொல்லும்? சத்து மாத்திரை சாப்பிடறாருங்கன்னு சொல்லும். பாவம் அதுக்கு அதுதானே தெரியும்.

ஊருக்கெல்லாம் சொல்லச் சொல்லல. ஆபீஸ்ல சொல்லாதீங்க, எச்ஆர் எவ்வளவு இனிப்பா பேசினாலும் சொல்லாதீங்க, மெடிக்கல் லீவுன்னா மெடிக்கல் லீவு, அதோட நிறுத்திக்குங்க. உங்கம்மாவுக்கு எப்ப சொல்றதுன்னு சம்சாரம் முடிவு பண்ணட்டும், மாமியார பத்தி மருமகளுக்குத்தான் நல்லா தெரியும். இன்சூரன்ஸ் ஃபாரத்துல மட்டும் மறைக்காதீங்க, 2017 மனநல சட்டப்படி உடம்பு வியாதிக்கு இருக்கற மாதிரியே இதுக்கும் கவரேஜ் குடுத்தாகணும், நீங்க மறைச்சீங்கன்னா அதையே சாக்கா வச்சு கிளெய்ம தள்ளுவாங்க.

ஆனா சம்சாரத்துக்கு இந்த வாரமே. பெருசா வசனமெல்லாம் வேண்டாம், உங்களுக்கு வராது. பாப்பா தூங்கினதும் டாக்டர் சீட்ட எடுத்து முன்னாடி வைங்க, டப்பாவையும் வைங்க, அந்த அடைப்புக்குறிக்குள்ள எழுதினதையும் சொல்லிடுங்க, அடுத்த ரிவ்யூவுக்கு கூட்டிட்டுப் போங்க, மீதிய டாக்டர் சொல்லட்டும். அழும். வியாதிக்காக இருக்காது, அஞ்சு வாரம் பக்கத்துலயே படுத்துக்கிட்டு பொய் சொன்னதுக்குத்தான் கோவம் வரும், வாங்கிக்குங்க.

வேலைய பத்திதான கேட்டீங்க, மறந்தே போச்சு. எங்க நாத்தனார் பையனும் திருப்பூர்ல மெர்ச்சன்டைசர்தான், துணி கலர் சாம்பிளுக்கு அப்ரூவல் வரலன்னு ஒரு வாரம், தைச்சு அனுப்பின சாம்பிள் ரிஜெக்ட்னு ஒரு வாரம், டையிங்ல ஷேடு மாறினாலும், செக்கிங்ல ஆள் வரலன்னாலும், லேட் ஆகி சரக்க ஏர்ல போட வேண்டி வந்தாலும் பையரும் இவனத்தான் கேப்பான், மொதலாளியும் இவனத்தான் கேப்பாரு. எதுக்கும் இவன் கைல அதிகாரம் கெடையாது, எல்லாத்துக்கும் பதில் மட்டும் இவன் சொல்லணும். அதுல நெஞ்ச அடைக்கலன்னாதான் அதிசயம். அதுக்காக இப்பவே லெட்டர் குடுக்காதீங்க. உடம்பு தேறாம இருக்கறப்ப எடுக்கற பெரிய முடிவ டாக்டருங்களே தள்ளிப் போடச் சொல்லுவாங்க. லீவு கேளுங்க, ஞாயித்துக்கிழமை மெயில யாராவது பாத்துக்க முடியுமான்னு கேளுங்க, இல்லன்னா கம்பெனி மாறுங்க. காங்கேயத்துல தோட்டம் வச்சிருக்கறவரு கடைசியா எத்தனை அடிக்கு போர் போட்டாரு, எவ்வளவு கடன்னு உங்கப்பாகிட்ட கேட்டுட்டு அப்பறம் மாட்டப் பத்தி பேசுவோம்.

டப்பால மிச்சம் இருக்கற மாத்திரைய சாப்பிடலாமா, தூக்கிப் போடறதான்னு அடுத்து கேப்பீங்க. புதுசா அட்டையோட வாங்குங்க, பாப்பா கைக்கு எட்டாத எடத்துல வைங்க. பழச டப்பாவோட டாக்டர்கிட்டயே எடுத்துட்டுப் போங்க, அவங்க பங்குக்கு அவங்களும் நாலு திட்டு திட்டட்டும்.