கரோல் ஹட்சின்ஸ் பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

அமெரிக்காவுல மிச்சிகன் யுனிவர்சிட்டி பொண்ணுங்க சாஃப்ட்பால் டீமுக்கு 1985ல இருந்து 2022 வரைக்கும் ஹெட் கோச்சா இருந்தவங்க இவங்க. எல்லாரும் சுருக்கமா ஹட்ச்னுதான் கூப்பிடுவாங்க. வந்த கேள்விகளுக்கு ஒவ்வொண்ணா பதில் போடறேன்.

கேள்வி: அக்கா, சாஃப்ட்பாலும் பேஸ்பாலும் ஒண்ணுதானே?

ஒரே குடும்பம்தான். ஆனா இதுல பந்து பெருசு, சுத்தளவே 12 இன்ச், கையைக் கீழ இருந்து சுழட்டித்தான் போடணும், 9 இன்னிங்ஸ் கிடையாது, 7தான். பந்து போடற பிட்சர் நிக்கிறது வெறும் 43 அடி தூரத்துல, அதனால பேட்டருக்கு யோசிக்க நேரமே இருக்காது.

கேள்வி: அவங்களே விளையாடினவங்களா, இல்ல நேரா கோச்சிங்குக்கு வந்தாங்களா?

நல்லா விளையாடினவங்கப்பா. 1957ல லான்சிங்ல பொறந்தாங்க, பக்கத்துலயே மிச்சிகன் ஸ்டேட்ங்கற வேற ஒரு யுனிவர்சிட்டியில சேர்ந்து சாஃப்ட்பால்ல ஷார்ட்ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிற ஃபீல்டர்), கூடவே பாஸ்கெட்பாலும். 1976ல முதல் வருஷ ஸ்டூடண்டா இருக்கும்போதே அந்த டீம் நேஷனல் சாம்பியன். அப்ப அமெரிக்கக் காலேஜ் விளையாட்டுப் போட்டிகளை நடத்தற என்சிஏஏ அமைப்பு பொண்ணுங்களுக்கு சாஃப்ட்பால் போட்டி நடத்தவே இல்ல, அது 1982லதான் ஆரம்பிச்சுது, இவங்க ஜெயிச்சது அதுக்கு முன்னாடி பொண்ணுங்களுக்குன்னு தனியா இருந்த அமைப்பு நடத்தின போட்டியில.

கேள்வி: படிச்ச யுனிவர்சிட்டி மேலயே கேஸ் போட்டாங்களாமே, நெஜமா?

நெஜம்தான். 1972லயே டைட்டில் நைன் சட்டம் வந்தாச்சு, அரசாங்கப் பணம் வாங்கற எந்தப் படிப்பு நிறுவனமும் பொண்ணுன்னு பாரபட்சம் காட்டக்கூடாதுன்னு. ஆனா 1979லயும் அங்க பாஸ்கெட்பால் பசங்களுக்கு ஒரு பேட்டா, பொண்ணுங்களுக்கு அதைவிடக் கம்மி பேட்டா, பசங்க ரூமுக்கு ரெண்டு பேர்னா பொண்ணுங்க நாலு பேர் நெருக்கிக்கிட்டுப் படுக்கணும், பயணம், பிராக்டிஸ் இடம்னு எல்லாத்துலயும் இதே கதைதான். டீம் பொண்ணுங்க சேர்ந்து கோர்ட்டுக்குப் போனாங்க, வழக்கோட தலைப்புலயே ஹட்சின்ஸ் பேர்தான் இருக்கு. சாப்பாட்டுக் காசுக்கா கோர்ட்டுக்குப் போறதுன்னு சில பேர் லேசா பேசுவாங்க, எனக்கு அது சுத்தமா புடிக்காது, அதே வேர்வை சிந்தி அதே பாஸ்கெட்பால் மைதானத்துல ஓடறவளுக்கு மட்டும் ஏன் தட்டுல கம்மியா வைக்கணும்? அவங்க பின்னாடி கோச்சா நின்ன விதம் புரியணும்னா முதல்ல இந்தக் கேஸைத்தான் தெரிஞ்சுக்கணும்.

கேள்வி: மிச்சிகன் ஸ்டேட்டுக்கும் மிச்சிகனுக்கும் ஆகவே ஆகாதே, அங்க எப்படி போனாங்க?

இண்டியானா யுனிவர்சிட்டியில மாஸ்டர்ஸ் முடிச்சு, ஃபெரிஸ் ஸ்டேட் யுனிவர்சிட்டியில ஒரு சீசன் கோச்சா இருந்துட்டு, 1983ல மிச்சிகனுக்கு அசிஸ்டண்டா வந்தாங்க, ரெண்டே வருஷத்துல ஹெட் கோச். அப்புறம் நகரவே இல்ல.

கேள்வி: இவ்ளோ பெரிய கோச்ங்கறீங்க, ஆனா கப் ஒண்ணே ஒண்ணுதானே? ஓக்லஹோமா யுனிவர்சிட்டி கோச் பேட்டி (Patty) காஸோ 8 ஜெயிச்சிருக்காங்களே?

காஸோவை நான் கொறச்சே சொல்ல மாட்டேன், 2021ல இருந்து வரிசையா நாலு வருஷம் கப் அடிச்சது பெரிய சாதனை. ஆனா மிச்சிகன் எங்க இருக்குன்னு பாருங்க. பிப்ரவரியில சீசன் ஆரம்பிக்கும்போது அங்க பனி கொட்டும், வெளியில பந்து போடவே முடியாது, முதல் சில வாரம் தெற்குப் பக்கம் போயித்தான் மேட்ச் ஆடணும். கலிஃபோர்னியா, அரிசோனா டீமுங்க வருஷம் பூரா வெயில்ல பழகறாங்க, அதனால கப்பு பூரா அந்தப் பக்கமே போயிட்டிருந்துச்சு. 2005 ஃபைனல்ல யூசிஎல்ஏ கூட முதல் மேட்ச் தோத்து, ரெண்டாவது ஜெயிச்சு, மூணாவது 10வது இன்னிங்ஸ் வரைக்கும் இழுத்துச்சு, அப்ப முதல் வருஷப் பொண்ணு சமந்தா ஃபிண்ட்லே பந்தை எல்லைக்கு வெளிய தூக்கி அடிச்சு ஒரே அடியில மூணு ரன் வர்ற ஹோம் ரன் அடிச்சா பாருங்க, 4க்கு 1. மிசிசிப்பி ஆத்துக்குக் கிழக்க இருக்கற ஒரு டீம் என்சிஏஏ டாப் டிவிஷன் சாஃப்ட்பால் கப் தூக்கினது அதுதான் முதல் தடவை. 2015ல திரும்ப ஃபைனல் போயி கடைசி மேட்ச்ல ஃப்ளோரிடாகிட்ட தோத்தாங்க, அது இன்னும் எனக்கு மனசுல இருக்கு.

கேள்வி: மொத்தம் எத்தனை ஜெயிப்பு?

1,707. அரிசோனாவோட மைக் கேண்ட்ரியா 1,674ல 2021ல ரிட்டயர் ஆனார், அடுத்த வருஷமே இவங்க அதைத் தாண்டிட்டாங்க. மிச்சிகன் ஆடற பிக் டென்ங்கற யுனிவர்சிட்டி லீக்ல 22 டைட்டில். ஒரு சீசன்ல கூட ஜெயிச்சதைவிடத் தோத்தது அதிகம்னு ஆனதில்ல.

கேள்வி: இப்ப அங்க யாரு கோச்?

பானி தோல். 1988ல இருந்து 91 வரைக்கும் ஹட்ச்கிட்டயே விளையாடினவங்க, பிறகு பல வருஷம் அசிஸ்டண்டா கூடவே இருந்தாங்க. 2022 ஆகஸ்ட்ல ஹட்ச் போதும்னு சொன்னதும் இவங்க கையில வந்துச்சு. மேட்ச் நடக்கற ஸ்டேடியத்துக்கு கரோல் ஹட்சின்ஸ் பேர்தான் வெச்சிருக்காங்க.