தோட்டா சுவரில் நிற்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

பக்கத்து அறையில் என் இரண்டு பிள்ளைகளும் தூங்குகிறார்கள். நடுவில் இருப்பது வெறும் டிரைவால், அதாவது ஜிப்சம் பலகைச் சுவர். அதைத் தாண்டாத 9 மி.மீ. தோட்டா எது?

அப்படி ஒன்று இல்லை. கசப்பாக இருந்தாலும் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்க வீடுகளில் உள்சுவர் என்பது பெரும்பாலும் அரை அங்குல ஜிப்சம் பலகை இரண்டு, நடுவே மூன்றரை அங்குல வெற்றிடம். அவ்வளவுதான். ஓர் ஆளைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு ஆழம் போகிற எந்தக் கைத்துப்பாக்கிக் குண்டும் இப்படிப்பட்ட சுவர்கள் சிலவற்றை அடுத்தடுத்துத் துளைத்துவிடும். சின்ன .22 கூட விதிவிலக்கல்ல. சட்டத்தில் பலகை அடித்து, வரிசையாக நிறுத்தி நானே சுட்டுப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பலகையிலும் வெளிச்சம் தெரிகிற ஓட்டையைப் பார்த்தபோது வயிறு கலங்கியது.

அதனால் தோட்டாவைத் தேடுவதற்கு முன் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். இரவில் நீங்கள் எங்கே நிற்பீர்கள்? உள்ளே வருகிறவன் எந்த வாசலில் தெரிவான்? அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டை நீட்டினால் அது யாருடைய கட்டிலில் போய் முடிகிறது? பிள்ளைகளின் கட்டில் அந்தக் கோட்டில் இருந்தால் கட்டிலை நகர்த்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் நிற்கும் இடத்தை மாற்றுங்கள். வெளிப்பக்கம் செங்கல் கட்டிய சுவர் இருந்தால், அந்தத் திசையை நோக்கி நிற்பது நல்லது. முடிந்தால் எல்லோரும் ஒரே அறைக்குள் வந்து, கதவைப் பூட்டி, அவசர உதவி எண் 911-ஐ அழைத்துக் காத்திருங்கள். சுடாமலேயே முடிகிற இரவுதான் நமக்கு வேண்டும்.

ஹாலோ பாயிண்ட் வாங்கினால் சுவர் கவலை இல்லை என்று கடைக்காரர் சொன்னார். உண்மையா?

பாதி உண்மை. ஹாலோ பாயிண்ட் குண்டின் முனையில் குழி இருக்கிறது. உடலுக்குள் நுழைந்ததும் ஈரமான திசு அந்தக் குழிக்குள் அழுந்தி, குண்டைப் பூப்போல விரிக்கும். விரிந்தால் வேகம் குறையும். உடலுக்குள்ளேயே நின்றுவிட வாய்ப்பு அதிகம். ஆனால் சுவரில் இருப்பது காய்ந்த ஜிப்சம். அது குழியை அடைத்துக்கொள்ளும். அடைபட்ட குண்டு விரியாமல், முழு உலோக உறை போட்ட குண்டு மாதிரியே பாய்ந்துகொண்டிருக்கும்.

சரி, அப்படியென்றால் எதற்கு ஹாலோ பாயிண்ட்? குறியில் பட்ட குண்டு மறுபக்கம் வெளியேறாமல் இருப்பதற்கு. முழு உறைக் குண்டு உடல் திசுவைப் போன்ற சோதனை ஜெலட்டினில் 24 அங்குலத்துக்கும் மேல் சாதாரணமாகப் போகும். அதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், பயிற்சிக்கு மட்டும் போதும். 1986-இல் மயாமியில் கொள்ளையர்களோடு நடந்த துப்பாக்கி மோதலுக்குப் பிறகு அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. வகுத்த அளவுகோல், ஜெலட்டினில் 12 முதல் 18 அங்குல ஆழம். தடித்த துணியைத் தாண்டியும் அந்த வரம்புக்குள் நிற்கிற குண்டாகத் தேர்ந்தெடுங்கள். ஸ்பியர் கோல்ட் டாட், ஃபெடரல் எச்.எஸ்.டி. என்ற தோட்டா வகைகள் இரண்டும் இதில் நல்ல பெயர் எடுத்தவை. குறி தப்பிய குண்டுக்கு மட்டும் எந்தப் பெட்டியிலும் மருந்து கிடையாது.

பொடிந்துபோகும் ஃபிராஞ்சிபிள் குண்டு பாதுகாப்பானது இல்லையா?

அது இரும்புப் பலகையில் சுடும் பயிற்சிக்காகச் செய்தது. கடினமான இரும்பில் மோதினால்தான் தூளாகும். டிரைவால் அதற்கு அவ்வளவு கடினம் இல்லை, அப்படியே ஊடுருவிவிடும். கிளேசர் போன்ற, உள்ளே சிறு ஈயமணிகள் நிரப்பிய குண்டுகள் வேறு வகை. அவை உடலில் ஆழம் போகாது, ஆனால் சுவரைத் தாண்டக்கூடியவை. தடுக்க வேண்டிய இடத்தில் தடுக்காமல், தாண்டக்கூடாத இடத்தில் தாண்டுகிற குண்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

குண்டின் எடை 115 கிரெயினா, 147 கிரெயினா? பிளஸ் பி தேவையா?

எடையைப் பார்த்து சுவர் விஷயத்தை முடிவு செய்ய முடியாது. குண்டின் வடிவமைப்புதான் முக்கியம். பிளஸ் பி என்பது 9 மி.மீ.-இல் அழுத்த வரம்பு 35,000-லிருந்து 38,500 பி.எஸ்.ஐ. ஆகக் கூடுவது. உதைப்பும் கூடும், இரண்டாவது குண்டு குறி தப்பவும் வாய்ப்பு கூடும். உங்கள் கையில் எது அசையாமல் நிற்கிறதோ, எது உங்கள் துப்பாக்கியில் சிக்காமல் ஓடுகிறதோ அதுவே போதும்.

ஏ.ஆர்.-15 ரைஃபிள், கைத்துப்பாக்கியை விடக் குறைவாகத் துளைக்கும் என்கிறார்களே?

கேட்க வியப்பாக இருந்தாலும், சரியான குண்டு போட்டால் அது உண்மைதான். அதில் போடும் லேசான, வேகமான 5.56 மி.மீ. குண்டு முதல் பலகையிலேயே நிலை குலைந்து புரளத் தொடங்கும். பல சமயம் உடைந்தும் போகும். ஆனாலும் அடுத்த அறைக்குப் போய்ச் சேரும், ஆளைக் கொல்லும். முதல் கேள்விக்குச் சொன்ன கோடு இதற்கும் அப்படியே பொருந்தும்.

நியூ ஜெர்சியில் ஹாலோ பாயிண்ட் வைத்திருக்கலாமா?

வீட்டில் வைத்துக்கொள்ளலாம், வாங்கிய இடத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுவரவும் சட்டம் இடம் தருகிறது. வெளியே எடுத்துப் போவதில்தான் கட்டுப்பாடு.

தினமும் இரவில் தோட்டாவை ஏற்றி, காலையில் இறக்குகிறேன். பிரச்சினை உண்டா?

உண்டு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்பத் துப்பாக்கியின் குண்டறைக்குள் ஏற்றினால், முனையிலுள்ள குண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தோட்டாவின் வெடிமருந்துக் கூட்டுக்குள் அமுங்கும். அமுங்கினால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம். பெட்டியிலிருந்து புதிய தோட்டா ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் நிறுத்தி நீளத்தை ஒப்பிடுங்கள். குட்டையாகியிருந்தால் அதைச் சுடாதீர்கள், தனியே ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இறக்கி வைத்தது மட்டும் போதாது. விரைவாகத் திறக்கும் பூட்டுப் பெட்டி ஒன்றை இந்த வாரமே வாங்கிவிடுங்கள்.