பெங்களூருவில் படிப்பு, பூர்வீகம் தமிழ்நாடு: மருத்துவ சீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது?

கேள்வி: எங்கள் ஊர் திருவண்ணாமலைப் பக்கம். 2019 ஜூனில் பெங்களூருவுக்கு வந்தோம். மகள் அப்போது ஆறாம் வகுப்பு. இப்போது ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். அவள் செகண்ட் பி.யு.சி. (பன்னிரண்டாம் வகுப்பு) படித்துக்கொண்டே நீட்டுக்கும் தயாராகிறாள். ஊரில் வாங்கிய எம்.பி.சி. சான்றிதழ் இருக்கிறது. "கர்நாடகா, தமிழ்நாடு ரெண்டுலயும் போட்டு வை, எது கிடைக்குதோ அதை எடுத்துக்கலாம்" என்கிறார் என் அண்ணன். செய்யலாமா? எம்.பி.பி.எஸ். கிடைக்காவிட்டால் பி.டி.எஸ். எடுப்பதா, ஒரு வருடம் காத்திருப்பதா? கொரோனா சமயத்தில் அவள் ஊரிலிருந்து ஆன்லைனில்தான் படித்தாள், அதனால் ஏதும் சிக்கல் வருமா?

பதில்: அண்ணன் பேச்சை இந்த ஒரு விஷயத்தில் கேட்காதீர்கள், அம்மா. உங்கள் மகளுக்கு இரண்டு மாநிலங்களிலும் தகுதி வர வாய்ப்பிருக்கிறது, உண்மைதான். ஆனால் இரண்டு மாநிலங்களிலும் "நான் இந்த ஊர்க்காரி" என்று உரிமை கோர முடியாது. வேறு மாநிலத்தில் பூர்வீகம் கோரியவர்களுக்கு இடமில்லை என்று தமிழ்நாட்டுத் தேர்வுக் குழுவின் தகவல் தொகுப்பேடு சொல்கிறது. 2017இல் இந்த இரட்டைப் பூர்வீக விவகாரம் நீதிமன்றம் வரை போனது. சீட் கிடைத்த பிறகு ரத்தானால் அந்த வருடமே வீண்.

அப்படியானால் எந்த மாநிலம்? முதலில் கர்நாடகக் கணக்கைப் பார்ப்போம். கே.இ.ஏ. (கர்நாடகத் தேர்வு ஆணையம்) நடத்தும் கலந்தாய்வில் அரசு ஒதுக்கீட்டு இடம் கேட்க, ஒன்றாம் வகுப்பு முதல் செகண்ட் பி.யு. வரைக்குள் குறைந்தது 7 முழுக் கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். பத்தாவது அல்லது பன்னிரண்டாவது தேர்வையும் இங்கேயே எழுதித் தேறியிருக்க வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எண்ணிப் பாருங்கள், சரியாக 7 வருகிறது. ஒன்று குறைந்தாலும் போச்சு. கொரோனா காலத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படித்தாள் என்பது முக்கியமில்லை, அவள் பெயர் எந்தப் பள்ளிப் பதிவேட்டில் இருந்தது என்பதுதான் முக்கியம். பெங்களூருப் பள்ளியிலேயே பெயர் இருந்தால் கவலையில்லை. அந்தச் சமயத்தில் டி.சி. வாங்கி ஊர்ப் பள்ளியில் ஒரு வருடம் சேர்த்திருந்தால் ஏழு ஆறாகிவிடும்.

அடுத்தது தமிழ்நாடு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அங்கேயே படித்தவர்களுக்கு வேலை சுலபம். உங்கள் மகளைப் போல வெளியே படித்தவர்கள் நேட்டிவிட்டி சான்றும், பெற்றோர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் என்பதற்கான ஆவணங்களும் காட்டி விண்ணப்பிக்கலாம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உங்களுக்குப் பொருந்தாது.

உண்மையான வித்தியாசம் ஜாதிச் சான்றில் இருக்கிறது. உங்கள் எம்.பி.சி. சான்று தமிழ்நாட்டில் 20 சதவீத ஒதுக்கீட்டுக்குள் அவளை நிறுத்தும். கர்நாடகத்தின் 2ஏ, 3பி போன்ற பிற்படுத்தப்பட்டோர் பிரிவுகளுக்கு அந்தச் சான்று செல்லாது. இங்கே அவள் ஜி.எம்., அதாவது பொதுப் பிரிவு. ஆகவே நீங்கள் ஒப்பிட வேண்டியது கர்நாடக ஜி.எம். கட்-ஆஃபையும் தமிழ்நாட்டு எம்.பி.சி. கட்-ஆஃபையும்தான். "கர்நாடகாவில் காலேஜ் அதிகம், அங்கே ஈசி" என்ற பேச்சையெல்லாம் காதில் வாங்காதீர்கள். தனியார் கல்லூரிகளிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் இரு மாநிலங்களிலும் உண்டு, அவற்றின் கடைசி மதிப்பெண்ணையும் கட்டணத்தையும் சேர்த்தே பாருங்கள்.

ஒப்பிடும்போது ஒரே ஆண்டின் பட்டியல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 2024 நீட்டில் திருத்திய பட்டியலுக்குப் பிறகும் 17 பேர் 720க்கு 720. 2025இல் வினாத்தாள் கடினம், முதலிடமே 686தான். ஒரு மாநிலத்துக்கு 2024 மதிப்பெண்ணையும் இன்னொன்றுக்கு 2025 மதிப்பெண்ணையும் வைத்துக்கொண்டு முடிவெடுத்த ஒரு குடும்பம் என்னிடம் வந்தது. கணக்கே தலைகீழாகப் போயிருந்தது.

அகில இந்திய ஒதுக்கீடு இதில் சேராது. மாநில அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத இடங்கள், எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் எம்.சி.சி. (மத்திய அரசின் மருத்துவக் கலந்தாய்வுக் குழு) நடத்தும் கலந்தாய்வில் வரும். எந்த மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தாலும் இதற்குத் தனியாகப் பதிவு செய்யலாம், செய்யவும் வேண்டும். அங்கே ஓ.பி.சி.க்கு 27 சதவீதம். ஆனால் ஊரில் வாங்கிய எம்.பி.சி. சான்று போதாது. மத்திய அரசின் படிவத்தில், கிரீமி லேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்று வேண்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே அந்த வேலையை ஆரம்பித்துவிடுங்கள். நீட் முடிவு வந்த பிறகு தாலுக்கா ஆபீசில் இருக்கும் கூட்டத்தில் நிற்க முடியாது.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். "இருப்பிட ஒதுக்கீட்டையே சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சே" என்று சிலர் கேட்கிறார்கள். 2025 ஜனவரியில் வந்த அந்தத் தீர்ப்பு பட்ட மேற்படிப்பு இடங்களைப் பற்றியது. எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். சேர்க்கையில் மாநில ஒதுக்கீடு அப்படியே இருக்கிறது.

கர்நாடகம் என்று முடிவெடுத்தால் படிப்புச் சான்றுதான் உயிர்நாடி. படித்த ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வாங்கி, பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) மேலொப்பமும் பெற வேண்டும். சி.பி.எஸ்.இ. பள்ளிக்கும் இதே கதைதான். ஆறாம் வகுப்புப் படித்த பள்ளி இடம் மாறியிருக்கலாம், நிர்வாகம் கைமாறியிருக்கலாம். மல்லேஸ்வரம் கே.இ.ஏ. வாசலில் ஒரு கையெழுத்துக்காகக் கண்ணீரோடு நிற்கும் பெற்றோரை வருடா வருடம் பார்க்கிறேன். நீட் முடியட்டும் என்று காத்திருக்காமல் இந்த வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

சாய்ஸ் ஃபில்லிங்கில், அதாவது கல்லூரிகளை விருப்ப வரிசையில் பதியும்போது, பலர் பயந்துபோய், கிடைக்கக்கூடிய கல்லூரியை மேலே போடுகிறார்கள். தேவையே இல்லை. கணினி மேலிருந்து கீழே வரும், முதலில் எது காலியோ அதைக் கொடுக்கும். எட்டாத கல்லூரியை மேலே போட்டதால் கீழே இருப்பது கைவிட்டுப் போகாது. ஆனால் அரசு பி.டி.எஸ்.ஸைத் தனியார் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேலே வைத்தால் முதலில் பல் மருத்துவம்தான் வரும். அப்புறம், அடுத்த சுற்றில் அப்கிரேட் (இன்னும் மேலான இடம்) கேட்டுப் புதிய இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாக ரத்து. "பிடிக்கலைன்னா பழசுக்கே போயிடறோம்" என்பது நடக்காது.

எம்.சி.சி.யில் முதல் சுற்றில் கிடைத்ததை விட்டுவிட்டால் நஷ்டமில்லை. இரண்டாம் சுற்றில் விட்டால் வைப்புத்தொகை போய்விடும். அகில இந்திய ஒதுக்கீட்டுக்கு அது ஓ.பி.சி.க்கு 5,000 ரூபாய், பொதுப் பிரிவுக்கு 10,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கு 2 லட்சம். கட்டணத்தைப் பார்க்காமல் நிகர்நிலைக்கும் டிக் போட்டுவிடாதீர்கள்.

கடைசியாக பி.டி.எஸ். நான்கு ஆண்டுப் படிப்பு, ஓர் ஆண்டு பயிற்சி. அதிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மாற வழி கிடையாது, மறுபடி நீட்தான் எழுத வேண்டும். பல் மருத்துவம் கை வேலை. நுணுக்கமான வேலையில் விருப்பம் உள்ள பிள்ளைக்கு அரசு பல் மருத்துவக் கல்லூரி இடம் கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கச் சொல்வேன். தனியார் பி.டி.எஸ்.ஸுக்குப் பெரிய தொகை கட்டுவதைவிட, கட்-ஆஃபுக்குக் கொஞ்சம்தான் குறைந்திருக்கிறாள் என்றால் ஒரு வருடம் திரும்ப எழுதுவதே மேல். நூறு மதிப்பெண் குறைந்திருந்தால் எனக்கு அந்த நம்பிக்கை வராது. பல் மருத்துவம் வேண்டவே வேண்டாம் என்று அவள் சொன்னால், "சும்மா இருக்கட்டும்" என்று பட்டியலின் அடியில்கூடப் போடாதீர்கள். எம்.சி.சி.யின் கடைசிச் சுற்றில் கிடைத்த இடத்தில் சேராமல் விட்டால், வைப்புத்தொகையோடு அடுத்த வருட நீட்டை எழுதும் வாய்ப்பும் போய்விடும்.